பனிச்சிறுத்தைக்குப் பக்கத்து வீட்டில் நான்கு இரவுகள்: ரும்பக் ஹோம்ஸ்டே

எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். அதற்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், பனிச்சிறுத்தையைப் பார்த்தேன். ஒரே ஒரு தடவை, ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, ஸ்கோப் என்கிற தொலைநோக்கி வழியாக. பார்க்காமலே திரும்பியிருந்தாலும் இந்த வீட்டுக்கு இதே மதிப்பெண்தான் போட்டிருப்பேன்: ஐந்துக்கு நாலரை. அந்த அரை ஏன் குறைந்தது என்று பிறகு சொல்கிறேன்.

நான் தங்கியது லடாக்கில், ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ரும்பக் என்ற சின்ன ஊரில், பிப்ரவரி மாதக் கடைசியில். 1981-இல் அறிவிக்கப்பட்ட இந்தப் பூங்கா பரப்பளவில் இந்தியாவிலேயே பெரியது. பூங்கா என்றதும் ஆளில்லாத அடர்ந்த காட்டை நினைத்துக்கொள்ளாதீர்கள். மொட்டை மலை, பாறை, பனி, நடுவில் உறைந்த ஓடை. ஓடையை ஒட்டிப் பார்லி வயல்கள், வயலை ஒட்டி வெள்ளையடித்த மண் வீடுகள். பூங்கா வருவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பிருந்தே இங்கே மக்கள் ஆடு, யாக், யாக்கும் மாடும் கலந்த ட்ஸோ என்று வளர்த்து வாழ்ந்து வருகிறார்கள். பனிச்சிறுத்தையும் அதே மலையில்தான் வாழ்ந்து வருகிறது.

லடாக்கின் முக்கிய நகரமான லேயில் பதிவு செய்யும்போது ஊரின் பெயரை மட்டும்தான் சொன்னார்கள். எந்த வீடு என்று கேட்டதற்கு, அங்கே போனதும் தெரியும் என்றார்கள். வீடுகள் முறை வைத்து விருந்தாளிகளை ஏற்கின்றன. போன குழு ஒரு வீட்டில் தங்கியிருந்தால் அடுத்த குழு அடுத்த வீட்டுக்கு. யாரிடம் பெரிய ஜன்னல் இருக்கிறது, யாருக்கு நன்றாக இந்தி வரும் என்பதையெல்லாம் பார்ப்பதில்லை. ஒரு இரவுக்கு ஒருவருக்கு 1500 ரூபாய் கொடுத்தேன், மூன்று வேளைச் சாப்பாடும் டீயும் அதிலேயே அடக்கம்.

லே ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரம். விமானத்தில் போய் இறங்கியதும் மூன்று நாளாவது அங்கேயே சும்மா இருங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், அதைக் கேளுங்கள். நான் இரண்டே நாள்தான் இருந்தேன். ரும்பக் இன்னும் மேலே இருக்கிறது. முதல் இரவு தலைவலியில் கண்ணை மூடவே முடியவில்லை. ஜிங்சென் வரை ஜீப், அங்கிருந்து நடை. மூட்டை முடிச்சைக் கழுதை சுமந்தது. இரண்டு மணி நேரத்தில் ஏறிவிடலாம் என்றார்கள், எனக்கு மூன்றரை மணி நேரம் பிடித்தது.

வாசலில் "ஜூலே" என்று கும்பிட்டு வரவேற்றவரை அமா-லே என்று கூப்பிட்டேன். லடாக்கில் அம்மாவுக்கு அமா, மரியாதைக்கு லே. என்னை அவர் அச்சே-லே, அக்கா என்று கூப்பிட்டார். அவருடைய மாமியார் அபி-லே, அதாவது பாட்டி. மகன் ஒருவன், இருபத்தைந்து வயதிருக்கும், சிறுத்தை தேடுவதில் கைதேர்ந்தவன். அவனை நோனோ என்று கூப்பிடச் சொன்னார்கள், தம்பி என்று அர்த்தம். அந்த நான்கு நாளும் அவன்தான் எனக்கு மொழிபெயர்ப்பாளன்.

குளிர்காலத்தில் அந்த வீட்டின் வாழ்க்கை முழுக்க அடுப்பங்கரையில்தான். நடுவில் பெரிய இரும்பு அடுப்பு, அதற்குக் காய்ந்த சாணம்தான் எரிபொருள். சுவர் முழுக்கத் தாமிர, பித்தளைப் பாத்திரங்கள் வரிசையாகப் பளபளக்கும். ஓரத்தில் விரித்த கம்பளத்தில், தாழ்வான மேஜைக்கு முன்னால் உட்கார வேண்டியதுதான். காலையில் கம்பீர் என்ற தடித்த ரொட்டி, கூடவே உப்பும் வெண்ணெயும் போட்டுக் கடைந்த டீ. ராத்திரி ஸ்க்யூ: கோதுமை மாவைப் பிசைந்து கட்டைவிரலால் கிண்ணம் போல அழுத்தி, கிழங்கும் காய்ந்த கீரையும் சேர்த்துக் கொதிக்க வைத்தது. இரண்டாவது கிண்ணம் வேண்டாம் என்றால் அபி-லேயின் முகம் வாடிவிடும். நான் ஒரு நாளும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

படுக்கும் அறையில் கணப்பு கிடையாது. வெளியே மைனஸ் 20 டிகிரிக்குப் போகும் இரவில், நாலு கம்பளிக்குள் சுருண்டு கிடந்தாலும் மூக்கு நுனி மட்டும் வலிக்கும். கழிப்பறை உலர் கழிப்பறை: மேல் தளத்தில் ஒரு துளை, ஒரு குவியல் மண், ஒரு மண்வெட்டி. போய்விட்டு மண்ணைத் தள்ளிவிட வேண்டும். கீழே சேர்வது மட்கிக் கோடையில் வயலுக்கு உரமாகிறது. சுத்தமாகவே இருந்தது. ஆனால் படுக்கை அறையிலிருந்து அங்கே போக முற்றத்தைத் தாண்ட வேண்டும், படியில் பனிக்கட்டி. முழங்கால் வலி உள்ளவர்களும் வயதானவர்களும் இதை யோசித்துக்கொண்டு வாருங்கள். படிக்கு ஒரு கைப்பிடிக் கம்பி போட்டிருந்தால் முழு ஐந்து கொடுத்திருப்பேன். அமா-லேயிடமும் சொன்னேன், கோடையில் போட்டுவிடுவதாகச் சொன்னார்.

சரி, இந்த வீட்டுக்கு ஏன் போக வேண்டும் என்பதற்கு வருகிறேன்.

நான் ஆடு வளர்த்த வீட்டில் பிறந்தவள். சாயங்காலம் பட்டியில் ஆட்டை அடைக்கும்போது அப்பா படலைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு, உள்ளே போகும் ஒவ்வொன்றையும் முதுகில் தட்டி எண்ணுவார். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் அன்று வீட்டில் சாப்பாடு இறங்காது. முதல் நாள் சாயங்காலம், தலைவலியோடு முற்றத்தில் நின்றுகொண்டிருந்தேன். அபி-லே பட்டி வாசலில் குனிந்து நின்று, உள்ளே நுழையும் ஒவ்வொரு ஆட்டின் முதுகிலும் கை வைத்து, உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தார். இருபத்து மூன்று. கடைசி ஆடு நுழைந்ததும் கதவைச் சாத்தி, கைவிரலைக் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் விட்டுப் பார்த்தார். விரல் நுழையவில்லை. அப்புறம்தான் தாழ்ப்பாள் போட்டார்.

மறுநாள் நோனோவிடம் கேட்டு அந்தப் பட்டிக்குள் போய்ப் பார்த்தேன். கல் சுவர், என் தலை உயரத்துக்கு. மேலே குறுக்காக மரக்கட்டைகள், கட்டைகள் மீது இழுத்துக் கட்டிய இரும்புக் கம்பிவலை. வலை சுவரோடு முடியவில்லை, வெளிப்பக்கம் மடக்கி, கல் வைத்து அழுத்தியிருந்தார்கள். மூலையில் இரண்டு வலைகள் சேரும் இடத்தைத் தடித்த கம்பியால் தைத்திருந்தார்கள், சாக்கு மூட்டை வாயைத் தைப்பது மாதிரி. அந்தத் தையலில் ஆட்டு மயிர் ஒரு கொத்து சிக்கி, உறைபனி படிந்து வெள்ளையாக நின்றது. கீழே புழுக்கையின் சூடு காலுக்கு ஏறியது. நாற்பது வருடம் கழித்து அந்த வாசனை மூக்கில் ஏறியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பழைய பட்டிகளின் கூரையில் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் ஒரு திறப்பு விடுவார்களாம். ராத்திரி சிறுத்தை அதன் வழியாக உள்ளே குதிக்கும். உள்ளே மாட்டிக்கொண்ட ஆடுகள் மிரண்டு சுவரில் மோதி ஓடும். ஓடுவதைப் பாய்ந்து பிடிப்பது அதன் இயல்பு, அசைவு நிற்கும்வரை பிடித்துக்கொண்டே இருக்கும். தின்பது ஒன்றைத்தான், சாவது மொத்தமும். அபி-லே மருமகளாக வந்த புதிதில் இந்த வீட்டில் அப்படி ஒரு இரவு நடந்திருக்கிறது. விடிந்து பார்த்தபோது ஒரே ஒரு குட்டி மட்டும் தாயின் வயிற்றுக்கு அடியில் உயிரோடு கிடந்ததாம். சிறுத்தை வெளியேற வழி தெரியாமல் மூலையிலேயே படுத்திருந்ததாம்.

"அதன் மேல் கோபம் வரவில்லையா, அபி-லே?" என்று கேட்டேன்.

நோனோ மொழிபெயர்த்தான். அவர் கையிலிருந்த ஜபச்சக்கரத்தை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "வந்தது. ஊரே கல்லோடு ஓடியது. நானும் ஒரு கல் எடுத்தேன்."

அந்தக் கல்லை எறிந்தாரா என்று நான் கேட்கவில்லை. என் வீட்டில் நடந்திருந்தால் என் கையிலும் கல் இருந்திருக்கும். தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, அபூர்வ மிருகம், கொல்லாதீர்கள் என்று சொல்வது சுலபம். ஒரு வருடச் சம்பாத்தியம் ஒரே இரவில் போனவளிடம் அதைச் சொல்ல ஒரு தகுதி வேண்டும்.

ஹோம்ஸ்டே வந்தது இந்த இடத்தில்தான். 2000-களின் தொடக்கத்தில், ரிஞ்சென் வாங்சுக் என்ற லடாக்கியர் தொடங்கிய பனிச்சிறுத்தைப் பாதுகாப்பு அமைப்பு ஊர் ஊராகப் போய் மக்களோடு உட்கார்ந்து பேசியது. சிறுத்தை ஆடு தின்பதை நிறுத்தப் போவதில்லை, ஆனால் அது பட்டிக்குள் நுழையாமல் தடுக்கலாம், அதைப் பார்க்க வருகிறவர்கள் மூலம் வீட்டுக்குக் காசும் வரலாம் என்று. கூரைக்கு வலையும் நெருக்கமான கதவும் அப்படி வந்தன. விருந்தாளிகளுக்குப் படுக்கையும் சமையலும் வீட்டுப் பெண்கள் பொறுப்பில், வரும் பணமும் அவர்கள் கையில். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு ஊர்ப் பொது நிதிக்குப் போகிறது, குப்பை அகற்ற, மரம் நட, மேய்ச்சல் நிலத்தைப் பார்த்துக்கொள்ள. ரிஞ்சென் வாங்சுக் 2011-இல் காலமாகிவிட்டார். ரும்பக்கில் அவர் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் அமா-லேயின் குரல் தாழ்ந்துவிடுகிறது.

தேசியப் பூங்கா இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று எனக்கும் தோன்றியது உண்டு. மங்கோலியாவில் இருப்பிடம் காட்டும் கழுத்துப் பட்டை மாட்டி ஆராய்ந்தபோது, ஒரு ஆண் பனிச்சிறுத்தை சுமார் 200 சதுர கிலோமீட்டரில் சுற்றித் திரிவது தெரிந்தது. பனிச்சிறுத்தை வாழும் நிலப்பரப்பில் இருக்கும் சரணாலயங்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 40, அப்படிப்பட்ட ஒரே ஒரு ஆணுக்குக்கூடப் போதாத அளவுதான். அப்படியென்றால் அது எப்படியும் யாருடைய மேய்ச்சல் நிலத்திலாவது நடந்துதான் ஆக வேண்டும், யாருடைய பட்டியையாவது கடந்துதான் போக வேண்டும். அந்தப் பட்டிக்காரர் கல்லை எடுக்காமல் இருந்தால்தான் அது பிழைக்கும். 2024 ஜனவரியில் வெளியான கணக்கெடுப்பின்படி இந்தியா முழுக்கச் சுமார் 718 பனிச்சிறுத்தைகள், அதில் 477 லடாக்கில். முழுப் பள்ளத்தாக்கும் தெரியும் அந்த வீட்டின் கூரையில் நின்று நினைத்துப் பார்த்தால், எவ்வளவு குறைவு என்று நெஞ்சில் உறைக்கிறது.

நான் பார்த்தது மூன்றாம் நாள். காலை ஏழு மணியிலிருந்து நோனோ ஒரு மேட்டில் ஸ்கோப்பை நிறுத்தி மலைச்சரிவை அங்குலம் அங்குலமாகத் தேடிக்கொண்டிருந்தான். அவன் சிறுத்தையைத் தேடவில்லை. நீல ஆடு என்று சொல்லப்படும் பரல் கூட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மேய்ந்துகொண்டிருந்த பதினோரு பரல்களும் பதினொன்றரை மணிவாக்கில் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கி ஒரே பக்கம் பார்த்தன. "ஷான்" என்றான், மூச்சுக்காற்றில். லடாக்கியில் பனிச்சிறுத்தை.

ஸ்கோப்பில் எனக்குப் பாறைதான் தெரிந்தது. சாம்பல் நிறப் பாறை, அதில் பாசி படர்ந்த மாதிரி கறுப்பு வட்டங்கள். கண்ணீர் உறையும் குளிரில் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அந்தப் பாறையின் ஓரம் மெல்லத் தூக்கி, காற்றில் வளைந்து, திரும்பப் படிந்தது. வால். உடம்பின் நீளத்துக்குக் கொஞ்சமே குறைந்த, தடித்த வால். அதைச் சுழற்றி மூக்கின் மேல் போர்த்திக்கொண்டு அது தூங்கியது. நாற்பது நிமிடம் அதன் தூக்கத்தைப் பார்த்தேன். வேறு எதுவும் நடக்கவில்லை. அதைவிட நிறைவான நாற்பது நிமிடம் எனக்கு நினைவில்லை.

அதற்குள் தகவல் பரவி, கீழே கூடாரம் போட்டிருந்த இன்னொரு குழு பெரிய பெரிய கேமராக்களோடு வந்து சேர்ந்தது. தூங்குகிற படம் வேண்டாம், நடக்கிற படம் வேண்டும் என்று ஒருவர் நோனோவிடம் பணம் நீட்டினார். மலைக்குப் பின்பக்கமாகச் சுற்றிப் போய் லேசாக ஒரு கல்லை உருட்டிவிட்டால் போதுமாம். நோனோ பணத்தைப் பார்க்கக்கூட இல்லை. "இது அதன் ஓய்வு நேரம், சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்கோப்புக்குத் திரும்பிவிட்டான். பிப்ரவரியில் அது இணை தேடும் காலம். ராத்திரியெல்லாம் பல கிலோமீட்டர் நடந்திருக்கும். இந்த உயரத்தில், இந்தக் குளிரில், வீணாகும் ஒவ்வொரு ஓட்டமும் அதன் உடம்பிலிருந்துதான் போகிறது. இவர்கள் நேரில் பார்க்க வந்தது இவ்வளவு அபூர்வமான உயிரை என்ற நினைப்பு அந்தக் கேமராக்காரருக்கு இல்லாதது எனக்குத் தாங்கவில்லை. தயவுசெய்து இதைப் படிக்கும் நீங்கள் அப்படிக் கேட்காதீர்கள்.

லேயில் எனக்கு இன்னொரு அனுபவமும் ஆனது. நூற்றுக்கு நூறு காட்டித் தருகிறோம் என்று ஒரு ஏஜென்சியில் அடித்துச் சொன்னார்கள். கட்டணம் நான் கொடுத்ததைப்போல் பல மடங்கு. எழுந்து வந்துவிட்டேன். அந்த உறுதியைக் காப்பாற்ற யாராவது எங்கேயாவது கல் உருட்ட வேண்டியிருக்கும்.

நான்காம் நாள் விடியற்காலை அமா-லே என் அறைக் கதவைத் தட்டி, எழுந்து வரச் சொன்னார். முற்றத்தில் ராத்திரி விழுந்த புதுப்பனி. பட்டிச் சுவரை ஒட்டி, என் உள்ளங்கை அகலத்துக்கு வட்டமான தடங்கள், நகக்குறி இல்லாமல். சுவர் ஓரமாக வந்து, கதவுக்கு எதிரே ஒரு இடத்தில் பனி கொஞ்சம் அமுங்கியிருந்தது, உட்கார்ந்திருக்கிறது. சுவரின் மேல் விளிம்பில் ஒரு அடிக்குப் பனி கலைந்திருந்தது. வலை வரை ஏறிப் பார்த்திருக்கிறது. அப்புறம் இறங்கி, வயல் வழியாக ஓடையைத் தாண்டி, மலையேறிவிட்டது. நாங்கள் நான்கு பேரும் பேசாமல் நின்றோம். அபி-லே போய்க் கதவைத் திறந்தார். முதுகில் கை வைத்து எண்ணத் தொடங்கினார். இருபத்து மூன்று வரும்வரை நானும் கூடவே எண்ணினேன்.

காலை டீயின்போது நோனோவிடம், இப்போது ஊரில் எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று கேட்டேன். சிறுத்தை என்றோ, ஷாங்கு என்று அவர்கள் சொல்லும் ஓநாய் என்றோ சொல்வான் என்று நினைத்தேன். நாய் என்றான். சுற்றுலா வளர வளர, ஹோட்டல்களும் முகாம்களும் பெருக, அவை கொட்டும் மிச்சத்தைத் தின்று தெருநாய்கள் பெருத்துவிட்டன. அவை கூட்டமாக மலையேறி ஆட்டையும் அடிக்கின்றன, பரலையும் துரத்துகின்றன. பரல் போனால் ஷான் எதைத் தின்னும்? திரும்பவும் பட்டிக்குத்தான் வரும். அவன் சொன்னதைக் கேட்ட பிறகு, நான் கொண்டுபோன பிஸ்கட் உறை, பேட்டரி, மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டித் திரும்ப எடுத்து வந்தேன். நீங்களும் எடுத்து வாருங்கள். தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு போகாதீர்கள், வீட்டில் கொதிக்க வைத்துத் தருகிறார்கள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஜனவரி பின்பாதியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம், பரல்களைத் தொடர்ந்து சிறுத்தையும் கீழே இறங்கியிருக்கும். நான்கு இரவாவது தங்குங்கள். ஒரே இரவு தங்கிவிட்டு ஒன்றும் பார்க்கவில்லை என்று எழுதுவது அந்த வீட்டுக்குச் செய்யும் அநியாயம். குளியல் கிடையாது, அரை வாளி வெந்நீர் கிடைக்கும். போன் சிக்னலை நம்பாதீர்கள். ரொக்கமாகக் கொண்டுபோங்கள். ஸ்கோப் வழிகாட்டியிடம் இருக்கும், உங்களுக்கு ஒரு பைனாகுலர் போதும். காலுறை மட்டும் நினைப்பதைவிட இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது அமா-லே ஒரு கோடு போட்ட நோட்டைத் திறந்து என் பெயரை எழுதச் சொன்னார். இரவுகளின் எண்ணிக்கை, தொகை, அதற்கு எதிரே ஊர் நிதிக்கான பத்தில் ஒரு பங்கு, எல்லாவற்றையும் என் கண் முன்னாலேயே எழுதினார். அடுத்த வருடம் திரும்ப வருவேன், இதே அறையை எனக்கு எடுத்து வையுங்கள் என்றேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"வாங்க அச்சே-லே. ஆனால் அப்போது முறை எந்த வீட்டுக்கோ, அங்கேதான் படுக்கை. டீ குடிக்க மட்டும் இங்கே வந்துவிடுங்கள்."